சுடுகாட்டு லோக்காட்

எனக்கு லோக்காட் பழம் ஆகாது. தின்று ஒத்துக்கொள்ளாமல் போனதால் அல்ல. பார்த்துப் பார்த்தே வெறுத்துப்போனது. மஞ்சள் தோலை உரித்தால் கொழகொழவென்று சதை, அதற்குள் கரப்பான்பூச்சி முதுகைப் போலப் பளபளக்கும் பழுப்பு விதைகள். கேமரன் மலையில் சீனர்கள் இதைப் பீப்பா என்பார்கள், இருமலுக்கு இதைவிட மருந்தில்லை என்பார்கள். நான் இருமிவிட்டே போகிறேன்.

வெறுப்புக்குக் காரணம் என் வேலை. கீழே நகரத்தில், ஒரு பல்கலைக்கழகத்தின் ஹெர்பேரியத்தில் இருக்கிறேன். செடிகளின் பிணவறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளையை வெட்டி வந்து, பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து, கெட்டித் தாளில் ஒட்டி, மூலையில் ஒரு சீட்டு வைப்போம். என்ன மரம், எங்கே நின்றது, யார் எடுத்தது, எப்படி நின்றது. பிறகு அலமாரியில் படுக்கவைத்துவிடுவோம். மற்ற செடிகள் சமர்த்தாகக் காயும். லோக்காட் சண்டித்தனம் பண்ணும். இலை செருப்புத்தோல் மாதிரி தடித்திருக்கும். இலைக்கு அடியில் இருக்கும் பழுப்புச் சுணை மூக்கில் ஏறித் தும்மவைக்கும். பழத்தைப் பாதியாக அறுத்து வைக்க வேண்டும். தாளை மாற்ற மறந்தால் புளித்த கள் வாடை, அப்புறம் புழு. அந்தப் புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தவள் நான். எடுத்த கையைக் கழுவிவிட்டு மத்தியானம் சோறும் தின்றிருக்கிறேன். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை விரலை விட்டுப் போகாது.

எங்கள் டாக்டர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மரங்களைப் படித்து டாக்டரானவர். பெட்டாலிங் ஜெயாவில் வளர்ந்த தமிழர், என் வயதுதான் இருக்கும். அவருக்கு வேலிக்குள் நிற்கிற லோக்காட் மேல் அக்கறை கிடையாது. வேலியைத் தாண்டி ஓடிப்போனவைதான் வேண்டும். வெள்ளைக்காரத் துரைகள் பங்களாத் தோட்டத்தில் வைத்த மரம் இது. குரங்கும் பறவையும் மனிதர்களும் தின்று துப்பித் துப்பி, இப்போது சாலையோரத்திலும் காட்டு விளிம்பிலும் தானாக முளைத்து நிற்கிறது. வெளியிலிருந்து வந்த மரம் காட்டுக்குள் நுழைந்தால் காட்டு மரத்துக்கு இடமிருக்காது என்பார் டாக்டர். அதில் தப்பு ஒன்றும் இல்லை. எங்கெங்கே நிற்கிறது என்று கிளை எடுத்துப் பதிந்து கொடுத்தால், தேயிலைத் தோட்ட நிர்வாகம் அவற்றை வெட்டி, அடிக்கட்டையில் மருந்து பூசிக் கொன்றுவிடும் என்று ஏற்பாடு. யாராவது நட்டு வைத்த மரம் என்றால் அது நட்டவருடையது, தொடமாட்டார்கள். ஆக, சீட்டின் கடைசி வரிதான் மரத்தின் தலையெழுத்து. நட்டதா, தானாக முளைத்ததா.

அடுத்தது கேமரன் மலையில் நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டம் என்று டாக்டர் சொன்ன அன்று கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் தோட்டத்துச் சுடுகாட்டில் ஒரு லோக்காட் நிற்கிறது. என் அம்மாவின் தலைமாட்டில்.

சுடுகாடு என்று பெயர்தானே தவிர அங்கே புதைப்பதுதான் வழக்கம். தேயிலை மேட்டுக்கு மேலே, காட்டை ஒட்டிய ஒரு சரிவு. அம்மாவுக்கு ஊன்றிய பலகை மழையில் இற்றுப்போனது. மண் சரிந்து சரிந்து மேடும் தட்டையாகிவிட்டது. அந்தச் சரிவில் அம்மா எங்கே கிடக்கிறாள் என்பதற்கு மரம் ஒன்றுதான் அடையாளம். கொழுந்து பறிக்கப் போகிற வழியில் பங்களா வேலிக்குள் கையை விட்டு லோக்காட் பறித்துத் தின்றவள் அவள். காயைக்கூட விடமாட்டாள், உப்பும் மிளகாயும் முந்தானையில் முடிந்திருக்கும். கருமாதியன்று அப்பா பங்களாவில் கேட்டு வாங்கிவந்த பழங்களைப் படையலோடு சேர்த்துத் தலைமாட்டில் வைத்தார். பழம் அழுகியது, விதை முளைத்தது, மரமானது.

இதில் யார் நட்டது, யார் நடவில்லை என்ற கேள்வியே எங்கள் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எழாது. சுடுகாட்டில் எது முளைத்தாலும் அது தானாக முளைத்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். துளசிக் கன்றை மடியில் மறைத்துக் கொண்டுபோய் ஊன்றிவிட்டு வருகிற ஆளே மறுவாரம் எல்லோர் முன்னாலும், "அட, தொளசி மொளைச்சிருக்கே!" என்று வாயைப் பிளப்பார். நாமும் பிளக்க வேண்டும். ஏனென்றால், "நான் நட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னவன் அதற்குத் தண்ணீர் ஊற்றக் கடமைப்பட்டவன். ஊற்றத் தவறினால், பக்கத்திலேயே வந்து இருந்து ஊற்று என்று மண்ணுக்குள் கிடப்பவர்கள் கூப்பிட்டுக்கொள்வார்கள். சொன்னவன் இல்லாமல் போனால் அவன் பிள்ளைகளைக் கேட்பார்கள். அங்கே காய்ப்பதை ஒருவரும் வாயில் வைக்கமாட்டார்கள். அது கிடப்பவர்களுக்கும் குரங்குகளுக்கும் உரியது. சின்ன வயதிலிருந்தே இந்தப் பேச்சு எனக்கு எரிச்சல். ஊரே கூடி ஒரு பொய்யைச் சொல்லி ஊரே நம்புவதைப் போலக் கேவலம் ஏதாவது உண்டா?

டாக்டரும் நானும் தாப்பாவிலிருந்து காரில் மலையேறினோம். ரிங்லெட் தாண்டுவதற்குள் கோழி எரு வாடை காருக்குள் வந்துவிட்டது. கண்ணாடியை ஏற்றினாலும் வரும். சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூடாரம், கீழே தேநீர் நிறத்தில் ஓர் ஆறு. சாலையோரத்தில் ஸ்ட்ராபெர்ரித் தொப்பி போட்டுக்கொண்ட ஒரு குடும்பம் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது, மலைக்காற்றாம். பாதி கோழிப்பீ என்று இறங்கிச் சொல்லலாமா என்று பார்த்தேன்.

டாக்டருக்கு வேண்டியது ஒரு பழக்கடைக்குப் பின்னாலேயே கிடைத்தது. வாங்கித் தின்றவர்கள் எட்டித் துப்பிய விதைகள் சரிவு முழுக்க முளைத்துக் கன்றுகளாக நின்றன. ஒரு கன்றின் மேல் குழந்தைக்குக் கட்டுகிற பேம்பர்ஸ் ஒன்று தொங்கியது, உள்ளிருந்ததோடு. டாக்டர் அதைக் குச்சியால் தள்ளிவிட்டு, "ப்யூட்டிஃபுல்! எல்லாமே தானா வந்தது, பாத்தீங்களா?" என்றார். கிளையை வெட்டியது நான். கையுறை போட்டிருந்தும் முழங்கைவரை கூசியது. அந்தச் சரிவை யாராவது வெட்டி மருந்தடித்தால் நானே வாளி தூக்கிக் கொடுப்பேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்த அடுத்த நிமிடமே சுடுகாடு ஞாபகம் வந்தது.

அப்பா எங்களுக்காகக் காத்திருந்தார். வேலையிலிருந்து நின்ற பிறகும் லயத்தில்தான் இருக்கிறார், பக்கத்து வீட்டு அத்தை சமைத்துக் கொடுக்கிறது. டாக்டர் வருகிறார் என்று நான் போனில் சொன்னதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் உட்கார்ந்ததும் கைலியைத் தூக்கி முட்டியைக் காட்டினார்.

"ரொம்ப நாளா வலிக்கிது டாக்டர். படியேறுனா கடுக்குது."

"அங்கிள், நான் மரத்துக்கு டாக்டர் லா."

"மரத்துக்கா?" அப்பா என்னைப் பார்த்தார். "மரத்துக்கெல்லாம் டாக்டர் வந்தாச்சா? மனுசனுக்கு இங்க தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில நாள் பூரா நிக்க வேண்டியிருக்கு."

டாக்டர் சிரித்தார். நல்ல மனிதர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சுடுகாட்டில் ஒரு லோக்காட் இருப்பதாகத் தோட்ட ஆபீசில் சொன்னார்களே, அதை யார் வைத்தது என்று அப்பாவைக் கேட்டார். நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் அப்பா வாயில் அந்தப் பதில் வந்துவிட்டது. மூச்சு விடுவது போல வந்தது.

"அது யாரும் வக்கல டாக்டர். தானா மொளைச்சது."

டாக்டர் போனில் தட்டிக்கொண்டார். எனக்குத் தட்டில் இருந்த பிஸ்கட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. காலங்காலமாக ஊரே ஒத்திகை பார்த்து வைத்த பொய், சரியாகச் சொல்லக்கூடாத ஆளிடம் சரியாகச் சொல்லப்பட்டுவிட்டது. அப்பாவை வாசலுக்குக் கூப்பிட்டு, தானாக முளைத்த மரத்தையெல்லாம் வெட்டி மருந்து பூசப் போகிறார்கள் என்று சொன்னேன். அவர் மேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா மரத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்பா."

"அத வெட்டிட்டா அவ எங்க கெடக்கான்னு எப்படித் தெரியும்?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "நானும் வரேன்," என்றார். முட்டி கடுக்கும் மனிதர் எங்களுக்கு முன்னால் மேடேறினார்.

சுடுகாடு நான் விட்டுவிட்டுப் போனதைவிட அசிங்கமாக இருந்தது. தீபாவளிக்கு முன்னால் எல்லோரும் வந்து துப்புரவு செய்து, படையல் வைப்பார்கள். வைத்த பாலிதீன் பை, பிளாஸ்டிக் கப், பாட்டில் எல்லாம் அடுத்த தீபாவளிவரை அங்கேயே கிடக்கும். செத்தவர்களுக்கு நாம் கொடுக்கிற மரியாதை அவ்வளவுதான். அதற்கு நடுவில் லோக்காட் நின்றது. நன்றாக வளர்ந்திருந்தது. தாழ்ந்த கிளைகளிலும் கொத்துக் கொத்தாகப் பழம்.

டாக்டர் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார். பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பழத்தைப் பறித்துத் தோலை நகத்தால் உரித்து வாயில் போட்டார். சாறு முகவாயில் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "ஸ்வீட்! கடையில விக்கிறதவிட இதுதான் நல்லாருக்கு," என்றார். விதைகளை ஒவ்வொன்றாகத் துப்பினார். ஒன்று என் அம்மாவின் காலடி இருக்க வேண்டிய இடத்தில் போய் விழுந்தது.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்த நம்பிக்கையெல்லாம் மடத்தனம் என்று வாய் கிழியப் பேசியவள் நான்தான். ஆனால் குடலுக்குப் படிப்பு ஏறுவதில்லை. அந்தச் சதை எதைக் குடித்து வளர்ந்தது என்று நினைக்க நினைக்க நாக்கின் அடியில் தண்ணீர் ஊறியது. அப்பா அந்த விதையைக் குனிந்து எடுத்துத் தூர வீசினார்.

"இத எடுத்துருவோம்," என்றார் டாக்டர். நான் கிளையை வெட்டினேன். ஒரு பழத்தைப் பாதியாக அறுத்தேன். அழுத்துவதற்கு எப்போதும் பழைய தமிழ்ப் பேப்பர் கொண்டுபோவேன். விரித்த பக்கத்தில் கண்ணீர் அஞ்சலிப் படங்கள், பூமாலை போட்ட முகங்கள். அதன் மேல் அம்மாவின் கிளையை வைத்து, மடித்து, அழுத்துப் பலகையை மூடி வாரை இறுக்கினேன். இறுகியிருக்கிறதா என்று வழக்கம் போல இழுத்தும் பார்த்தேன். அதுவே எனக்கு அசிங்கமாக இருந்தது.

பிறகு சொன்னேன். "டாக்டர், இது எங்க அம்மா சமாதி."

அவர் நிஜமாகவே பதறிப்போனார். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றார். வாயை இன்னொரு முறை துடைத்துக்கொண்டார். சமாதியை யாரும் தொடமாட்டார்கள், பயப்பட வேண்டாம் என்றார். எந்தச் சமாதி? அவர் காலுக்கடியில் புல்தான் இருந்தது. மரம் ஒன்றுதான் அடையாளம் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"ஆனா அங்கிள் தானா முளைச்சதுன்னு சொன்னாரே. காட்டுக்குப் பக்கத்துல, தானா முளைச்சது. நான் பொய்யா எழுத முடியாது. நீங்களே இந்த வேலதான செய்றீங்க, ஒங்களுக்குத் தெரியும். யாராவது நான்தான் நட்டேன்னு சொன்னா, நட்டதுன்னு எழுதிட்டுப் போயிருவேன்."

அவர் சொன்னது சரிதான். சீட்டில் பொய் எழுதுகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. நாம் எல்லோரும் செத்த பிறகும் அலமாரியில் கிடந்து பேசப் போகிற வரி அது. ஆனால் எது பொய்? படையல் வைத்தவர் மண்ணைத் தோண்டவில்லை, உண்மை. பழத்தைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்ததும் உண்மை. ஒரு மரத்தை நடுவதற்கு இதைவிட வேறென்ன செய்ய வேண்டும்? நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்குத்தான் இந்த மூடநம்பிக்கை கிடையாதே.

"டாக்டர், அது வந்து, நான்தான்..."

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். கிழவருக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர். அவ கீழ டவுன்ல இருந்தவ. நான்தான் நட்டேன்."

சொல்லிவிட்டு மரத்தைப் பார்த்தார். அப்புறம் இன்னும் கொஞ்சம் சத்தமாக, எங்களுக்கு மட்டுமில்லாமல் சரிவு முழுவதற்கும் சொல்வது போல, "நான் நட்ட மரம்," என்றார்.

"அப்ப வீட்டுல ஏன் அங்கிள் தானா முளைச்சதுன்னு சொன்னீங்க?"

"அது சும்மா சொல்றது லா. சுடுகாட்டு மரத்த வேற எப்படிச் சொல்றது?"

டாக்டருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. நட்ட மரம் அவருக்கு உதவாது. அழுத்துப் பலகையைத் திறந்து அந்தக் கிளையை எடுத்துப் புல்லில் போட்டார். போனில் எதையோ அழித்தார். பிறகு, இனிமேல் இது பெர்மிஷன் கேட்டுப் பறிக்க வேண்டிய பழம் என்ற நல்லெண்ணத்தில், "அப்ப இன்னும் ரெண்டு எடுத்துக்கவா அங்கிள்?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் இருந்த வெட்டுக்கத்தி போதாது. அப்பாதான், "பறிச்சுக்குங்க தம்பி, நம்ம மரந்தானே," என்றார். சொல்லும்போது அவர் உதடு காய்ந்திருந்தது. புல்லில் கிடந்த கிளையை எடுத்து, இலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி, அம்மாவின் தலைமாட்டில் வைத்தார்.

இறங்கும்போதும் அப்பா எங்களுக்கு முன்னால் போனார். வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளிக்கப் போனார். அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நான் போய்க் கதவைத் தட்டி, "சுடுதண்ணி வக்கட்டுமாப்பா?" என்றேன். வேண்டாம் என்றார்.

நகரத்துக்குத் திரும்பி, பழக்கடைக்குப் பின்னால் எடுத்த கிளைகளைக் காயவைத்து ஒட்டினேன். சீட்டும் எழுதினேன். தானாக முளைத்தது, சாலையோரச் சரிவு, குப்பை நிறைந்த இடம். குப்பை என்ற சொல்லை டாக்டர் அடித்துவிடச் சொன்னார், நான் அடிக்கவில்லை. நல்ல மாதிரிகள். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த பேம்பர்ஸ் கண்ணில் நிற்கிறது. அங்கே நின்ற கன்றுகளையெல்லாம் வெட்டி மருந்து பூசிவிட்டார்களாம், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அம்மாவின் மரத்தை யாரும் தொடவில்லை. காரியம் முடிந்தது என்று நான் அந்தப் பழத்தையும் அந்த மலையையும் மறக்கப் பார்த்தேன்.

மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு அத்தை போன் செய்தது.

"ஏண்டி, ஒங்கப்பாவுக்கு என்னாச்சு? தெனமும் வாளியத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போறாரு. இன்னிக்கு மழை கொட்டுது, அதுலயும் போறாரு. கேட்டா சிரிக்கிறாரு. வழுக்கி விழுந்தா யாருடி தூக்குறது?"

உடனே அப்பாவைக் கூப்பிட்டேன். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தார். காதில் மழைச் சத்தம் இரைந்தது.

"எங்கப்பா இருக்கீங்க?"

"மேலதான். அம்மாகிட்ட."

"மழை கொட்டுதாமே. கொட்டுற மழையில எதுக்குப்பா தண்ணி ஊத்துறீங்க?" கத்திவிட்டேன். "அந்த மரத்துக்குத் தண்ணியே வேணாம். எங்க டாக்டரக் கேட்டுச் சொல்லவா?"

"மரத்துக்கு வேணாந்தான். நட்டேன்னு சொன்னவன் ஊத்தணும்ல?"

"கர்மம், இதெல்லாம் நெசம்னு நம்புறீங்களா? நீங்க ஊத்தலன்னா அம்மா ஒங்களக் கூப்புட்டுக்குவாங்களா?"

"என்னையக் கூப்புட்டா கூப்புட்டுட்டுப் போறா. அதுக்கா பயப்படறேன்?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நான் போனப்புறம் பாக்கி ஒன்மேல வரக்கூடாதுல்ல பாப்பா. அதான் நீ வாயத் தொறக்கறதுக்குள்ள சொன்னேன். இருக்கறவரைக்கும் ஊத்தித் தீத்துட்டுப் போயிடறேன்."

வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"வையி போன," என்றார். "நனையுது."